அந்தப் படம் என்னை விட மாட்டேன் என்கிறதே!

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன். வயது 29. கணக்குப் பிரிவில் வேலை. கணவருடன் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார், கீழே வீட்டுக்காரர் குடும்பம். இரண்டு மாதத்துக்கு முன் ஓர் இரவு தூக்கம் வராமல் கைப்பேசியில் 'ஆன் அமெரிக்கன் கிரைம்' என்ற படத்தைப் பார்த்திருக்கிறார். 1965-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் சில்வியா லைக்கன்ஸ் என்ற 16 வயதுப் பெண், தங்க வந்த வீட்டிலேயே அடைக்கப்பட்டு, அந்த வீட்டுப் பிள்ளைகளாலும் தெருப் பிள்ளைகளாலும் சித்திரவதைப்பட்டு இறந்தாள். அந்த உண்மைச் சம்பவத்தை வைத்து 2007-இல் வந்த படம் அது.

அன்றிலிருந்து அந்த வழக்கைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் இரவில் படிக்கிறார். "படிக்கப் படிக்க வயிற்றைப் பிரட்டுகிறது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. எனக்குள் இதை ரசிக்கும் குணம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கிறார். தெருவில் பையன்கள் கூட்டமாக நின்றாலே பயமாக இருக்கிறதாம். ஒன்பதாம் வகுப்பில் நடந்த ஒரு சம்பவமும் இப்போது திரும்பி வந்து வதைக்கிறது: ஜியோமெட்ரி பாக்ஸ் திருடியதாக ஒரு மாணவியை வகுப்பே ஒதுக்கி வைத்தது, அவள் டெஸ்கில் கேவலமாக எழுதியவர்களில் இவரும் ஒருவர். "நானும் அந்த இண்டியானாபொலிஸ் பிள்ளைகள் மாதிரிதானே?"

கடிதத்தின் கடைசியில், "இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்ற முன்னுரையோடு, சில வரிகள். கீழ் வீட்டில் பத்துப் பதினோரு வயதுப் பெண் குழந்தை ஒன்று இருக்கிறது. ஊரிலிருந்து படிக்க வைக்க அழைத்து வந்த தூரத்து உறவு என்கிறார்கள். யூனிஃபார்ம் கொடியில் காய்ந்து இவர் பார்த்ததே இல்லை. வீட்டில் என்ன காணாமல் போனாலும் அவள் தலையில்தான் விழுகிறது. அவர்களுடைய சின்னப் பையன்கூட ஸ்கேலால் அடிக்கிறான், பெரியவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். "வாடகைக்கு இருந்துகொண்டு வீட்டுக்காரரைப் பகைத்துக்கொள்ளாதே என்கிறார் கணவர்."

அன்புள்ள சகோதரிக்கு,

சம்பந்தம் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் நான் அதிக முறை படித்தது அந்தக் கடைசி வரிகளைத்தான். அதற்கு வருகிறேன். அதற்கு முன் நீங்கள் பயப்படுகிற கேள்வியை முடித்துவிடலாம்.

ஒரு கடிதத்தை வைத்து யாருடைய மனதையும் முழுசாக எடை போட முடியாது. ஆனால் கொடுமையை ரசிப்பவர்களுக்கு வயிற்றைப் பிரட்டாது. நீங்களே நடுவில் எழுதியிருக்கிறீர்கள்: "எந்தத் தேதியில் யார் வாயைத் திறந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்." ரசிக்கிற மனம் அந்தக் கணக்கைப் போடாது. உண்மைக் குற்றங்களைப் பற்றிய புத்தகங்களை ஆண்களைவிடப் பெண்களே அதிகம் விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அதிலும், தப்பிக்கும் வழி ஏதாவது தெரியவரும் கதைகள்தான் அவர்களை அதிகம் இழுத்தன. ஆபத்தைக் கேள்விப்பட்டதும் 'நான் அங்கே இருந்திருந்தால்?' என்று மனம் ஒத்திகை பார்க்கிறது. விடை கிடைக்காதவரை ஒத்திகை ஓயாது. உங்களுக்கு அது ஏன் இன்னும் ஓயவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதுவும் கீழ் வீட்டைப் பற்றியதுதான்.

நடந்ததும் படம் சேர்த்ததும்

ஓர் இடத்தில் நீங்கள் சில்வியா மீதே கோபப்படுகிறீர்கள். "தப்பித்துப் பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தவள் ஏன் மறுபடி அந்த வீட்டுக்கு வந்தாள்?" அப்படி நடக்கவே இல்லை, சகோதரி. அவள் தப்பிப்பதும், பெற்றோரைப் பார்ப்பதும், வீட்டுக்குத் திரும்பி வந்து தன் உயிரற்ற உடலையே பார்ப்பதும் இயக்குநரின் கற்பனை. நடுராத்திரியில் பார்க்கும்போது நிஜம் என்றே தோன்றியிருக்கும். நிஜத்தில், இறப்பதற்கு முந்தைய நாள் அவள் வாசற்கதவு வரை போனாள். அதற்கு மேல் ஓட உடம்பில் தெம்பில்லை. பிடித்து இழுத்து வந்தார்கள். அவள் மீது உங்களுக்கு இருக்கும் கோபத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பாதிக்கப்பட்டவர் ஏன் ஓடவில்லை என்று கேட்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. அடித்தவரைக் கேட்க வேண்டிய கேள்வி அதில் தப்பிவிடுகிறது.

சில்வியாவின் பெற்றோர் ஊர் ஊராகப் போகும் கேளிக்கைச் சந்தைகளில் வேலை செய்தவர்கள். 1965 ஜூலையில் அவளையும், போலியோவால் கால் பாதித்த தங்கை ஜென்னியையும் கெர்ட்ரூட் பனிஷெவ்ஸ்கி என்ற பெண்ணின் வீட்டில் வாரம் 20 டாலருக்கு விட்டுப் போனார்கள். ஒரு வாரம் பணம் வரத் தாமதமானது. முதல் அடி அப்போது விழுந்தது. அப்புறம் மிட்டாய் திருடினாள் என்று ஒரு பழி. அப்புறம் அவள் நடத்தையைப் பற்றிப் பேச்சு. கெர்ட்ரூட் அடித்ததைப் பிள்ளைகள் பார்த்தார்கள், பிறகு அவர்களும் அடித்தார்கள், பள்ளிவிட்டு வந்த தெருப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் நிலவறை. அக்டோபர் 26-ஆம் தேதி அவள் இறந்தாள். முழுசாக நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு நாளின் கொடுமையும் முந்தின நாளைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 'இது புதுசாக இருக்கிறதே, நிறுத்து' என்று சொல்ல வைக்கும் ஒரு பெரிய தாண்டல் எந்த நாளிலும் கண்ணுக்குத் தெரியவில்லை.

படம் அந்த மாதங்களை ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கிவிடுகிறது. எவ்வளவு பொறுப்போடு எடுத்தாலும் சினிமாவால் இதைத் தவிர்க்க முடியாது. சின்னச் சின்னப் படிகளாக ஏறியது மறைந்து, எல்லோருக்கும் ஒரே நாளில் வெறி பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது. பார்த்து முடித்தவருக்குக் கெர்ட்ரூட்டின் முகமும் நிலவறையும் நினைவில் நிற்கும். அந்த வழக்கில் என்னை அதிகம் உறுத்துவது வீட்டுக்கு வெளியே நடந்தவை. பக்கத்து வீட்டுத் தம்பதி அவளுடைய கறுத்த கண்ணைப் பார்த்தார்கள். புகாரின் பேரில் பொதுச் சுகாதாரச் செவிலியர் ஒருவர் வீட்டு வாசலுக்கே வந்தார். 'அவள் மோசமான பெண், வீட்டைவிட்டு அனுப்பிவிட்டேன்' என்ற கெர்ட்ரூட்டின் பேச்சை நம்பித் திரும்பிப் போனார். கடைசிக் கட்டத்தில் ஓர் இரவு, சில்வியா மண்வெட்டியால் நிலவறைச் சுவரில் தட்டிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் வசித்த ஒரு பெண்ணுக்கு அது கேட்டது. எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்தது. விடியற்காலை மூன்று மணிவாக்கில் சத்தம் நின்றதால் போலீசுக்குச் சொல்லாமல் இருந்துவிட்டார்.

நீங்கள் போட்ட கணக்குக்கு விடை இதுதான். அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய தேதி ஒன்று இல்லை, பல இருந்தன. எதற்கும் பெரிய வீரம் தேவைப்படவில்லை. கடைசியில் வாயைத் திறந்தது ஜென்னிதான். உடலைப் பார்க்க வந்த போலீஸ்காரரிடம், 'என்னை இங்கிருந்து கூட்டிப் போங்கள், எல்லாவற்றையும் சொல்கிறேன்' என்றாள். அந்த வீட்டிலேயே பலவீனமானவள், 'நீயும் பேசினால் உனக்கும் இதே கதிதான்' என்று மிரட்டப்பட்டவள்.

தண்டனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1966-இல் கெர்ட்ரூட்டுக்கு ஆயுள் தண்டனை, சம்பவத்தின்போது 17 வயதான அவருடைய மகளுக்கு இரண்டாம் நிலைக் கொலைக் குற்றத்தில் தண்டனை, மூன்று சிறுவர்களுக்கு 2 முதல் 21 ஆண்டுகள். மேல்முறையீட்டில் தாய், மகள் இருவரின் தீர்ப்பும் 1970-இல் ரத்தாகி, மறுவிசாரணையில் கெர்ட்ரூட் மறுபடி குற்றவாளி ஆனார். 1985-இல் பரோலில் வெளியே வந்து 1990-இல் இறந்தார். உங்கள் ஆத்திரம் நியாயமானது. ஆனால் அந்தத் தீர்ப்பை ராத்திரி உட்கார்ந்து உங்களால் திருத்தி எழுத முடியாது.

கூட்டம் சேர்ந்தால் எல்லோரும் மிருகமா?

"தனியாக இருந்தால் மனிதன், கூட்டத்தில் மிருகம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். 1971-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து நடத்திய சோதனையில் காவலர்கள் கொடூரமாக நடந்துகொண்டதை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். காவலர் வேடம் போட்டவர்களிடம் கடுமையாக நடந்துகொள்ளச் சொல்லி ஆய்வுக் குழுவே ஊக்கப்படுத்தியது பின்னாளில் பதிவுகளிலிருந்து வெளியே வந்துவிட்டது. அதை வைத்து மனித குலத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது.

இதைவிட நமக்குப் பயன்படுவது அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1960-களின் தொடக்கத்தில் நடத்திய சோதனைகள். 'தப்பாகப் பதில் சொல்பவருக்கு மின்அதிர்ச்சி கொடுங்கள்' என்று ஆய்வாளர் சொல்ல, பக்கத்து அறையில் அலறல் கேட்டும், 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். (அதிர்ச்சி பொய், அழுத்தியவர்களுக்கு அது தெரியாது.) இந்த எண்ணை எல்லோரும் சொல்வார்கள். அவர் அதே சோதனையை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார் என்பதை அதிகம் பேர் சொல்வதில்லை. சுவிட்சை வேறொருவர் அழுத்த, கூட உட்கார்ந்து துணை வேலை மட்டும் செய்யச் சொன்னபோது 40-இல் 37 பேர் கடைசிவரை ஒத்துழைத்தார்கள். கூட இருந்த இரண்டு பேர், ஒருவர் பின் ஒருவராக, 'இனி முடியாது' என்று எழுந்து போனபோது கடைசிவரை போனவர்கள் வெறும் 4 பேர்.

'நான் அடிக்கவில்லையே, பக்கத்தில்தானே நின்றேன்' என்பது மனதுக்கு மிகவும் வசதியான இடம். கொடுமை நடக்கும் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் பெரும்பாலானவர்கள் நிற்பது அங்கேதான். ஆனால் ஓரிருவர் எழுந்தாலே கூட்டம் கலைகிறது. எழுகிறவர் பெரிய மனிதராக இருக்க வேண்டியதுகூட இல்லை. ஆகவே தெருமுனையில் கிரிக்கெட் மட்டையோடு நிற்கும் பையன்களைக் கண்டு நீங்கள் ஒதுங்க வேண்டாம். கொடுமைக்குக் கூட்டம் மட்டும் போதாது. 'இவளை என்ன செய்தாலும் தப்பில்லை' என்று ஒரு பெரியவர் செய்து காட்ட வேண்டும். இலக்காக ஒருத்திக்குப் பட்டமும் கட்ட வேண்டும். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா ஒரு சோதனையில் 1975-இல் காட்டினார்: தண்டிக்கப்படப் போகிறவர்களை 'மிருகங்கள் மாதிரி' என்று யாரோ சொல்வது காதில் விழுந்தாலே போதும், மற்றவர்கள் அவர்களுக்குக் கூடுதலாக மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். சில்வியாவுக்கு மிட்டாய், உங்கள் வகுப்புத் தோழிக்கு ஜியோமெட்ரி பாக்ஸ், கீழ் வீட்டுக் குழந்தைக்கு வீட்டில் காணாமல் போகும் ஏதோ ஒன்று. மூன்றுமே திருட்டுப் பட்டம். உங்கள் மனம் இந்த மூன்றையும் முடிச்சுப் போட்டது தற்செயலாக இருக்காது என்று நினைக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் எழுதிய வரி

'சின்ன வயசு, விட்டுத் தள்ளுங்கள்' என்று சொல்லி உங்களை அனுப்பிவிட எனக்கு மனமில்லை. நீங்கள் செய்தது தப்பு. அந்தப் பெண் ஒரு வருடம் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அதே சமயம், டெஸ்கில் ஒரு வரி எழுதியதும், ஒரு பெண்ணை மாதக்கணக்கில் வதைத்ததும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கினால் உங்களுக்குக் குற்ற உணர்ச்சி பெருகுமே தவிர அவளுக்கு எந்த நியாயமும் கிடைக்காது.

தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கேட்கலாம், அவளுக்காகக் கேட்பதாக இருந்தால். உங்கள் பாரம் இறங்க வேண்டும் என்பதற்காக, மறந்திருக்கக்கூடிய ஒன்றை அவள் வாசலில் கொண்டுபோய் வைப்பது சரியில்லை. பொதுவான தோழி மூலம் தொடர்பு கிடைத்தால் சுருக்கமாக ஒரு செய்தி அனுப்புங்கள்: 'அன்று நானும் எழுதினேன். நீ திருடவில்லை என்று எனக்குத் தெரியும். தப்பு என்னுடையது. பதில் எதிர்பார்க்கவில்லை.' அவ்வளவுதான். விளக்கம் வேண்டாம், அந்தப் படத்தைப் பற்றிய பேச்சும் வேண்டாம். அவள் பதில் போடாவிட்டால் மறுபடி எழுதாதீர்கள்.

கீழ் வீட்டுக் குழந்தை

இரண்டு மாதமாக ஒரு பழைய வழக்கில் தேதி தேதியாகத் தேடுகிறீர்கள். கீழே ஒரு குழந்தை தினமும் அடி வாங்குகிறது. உங்களைத் தூங்க விடாமல் செய்வது அந்தப் படம் மட்டும்தானா? 1965-ஐப் பற்றி உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. இதைப் பற்றி முடியும். ஒத்திகை ஓயாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கீழே நடப்பது இண்டியானாபொலிஸ் போல முடியும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அப்படி முடியாது. ஆனால் குழந்தையைக் காப்பாற்ற அந்த அளவுக்குப் போக வேண்டும் என்று காத்திருக்கக் கூடாது. தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையை அடிப்பதும் வதைப்பதும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 75-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 14 வயதுக்குக் கீழுள்ள குழந்தையை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 முதல் நாடு முழுக்கத் தடை. தூரத்து உறவு என்று சொல்லிவிட்டால் மட்டும் இதிலிருந்து தப்பிவிட முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது 1098-க்கு ஒரு அழைப்பு. குழந்தைகளுக்கான உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு. உங்கள் பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடலாம். என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள், எந்த நாள், எத்தனை மணி, இவற்றை மட்டும் சொல்லுங்கள். 'கொடூரமான குடும்பம்' போன்ற உங்கள் முடிவுகள் வேண்டாம். 'செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஸ்கேலால் அடித்தார்கள், கையில் தழும்பு பார்த்தேன்' என்பது போதும். அழைக்கும் முன் இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பதற்றத்தில் விட்டுப்போகாது. அந்த நிமிடமே உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அவசர உதவி எண் 112. பாலியல் ரீதியான சந்தேகம் துளி இருந்தாலும் நிலைமை வேறு: போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டத்தின்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் புகார் செய்தே ஆக வேண்டும், நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது நடவடிக்கை எடுக்க முடியாது.

செய்யக்கூடாதவையும் உண்டு. கீழே போய் நேரில் சண்டை போடாதீர்கள். நீங்கள் மாடி ஏறியதும் அதற்கான அடி குழந்தைக்குத்தான் விழும். வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். 'உன்னைக் காப்பாற்றுகிறேன்' என்று அவளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். பார்க்கும்போது பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அந்த வீட்டில் அவளைப் பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் கணவரின் பயத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. மாடியில் நீங்கள் மட்டும் இருப்பதால், யார் சொன்னது என்று அவர்கள் ஊகிக்கக்கூடும். உறவு கெடலாம், வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் நினைத்த மாத்திரத்தில் உங்களை வெளியேற்ற முடியாது, தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தவும் கூடாது. ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் வீடு மாற வேண்டி வந்தால் அது ஒரு நஷ்டம்தான். அதையும் எடை போட்டுத்தான் அழையுங்கள் என்கிறேன். அழைத்ததும் போலீஸ் ஜீப் வந்து எல்லோரையும் அள்ளிப் போகும் என்று கணவர் நினைக்கிறார் போல. பெரும்பாலும் முதலில் வருபவர்கள் குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்கள். குழந்தையிடம் பேசுவார்கள், தேவைப்பட்டால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் விஷயம் போகும், அவளுடைய பெற்றோரையும் வரவழைப்பார்கள். அவள் தன் ஊருக்கே, தன் பள்ளிக்கே திரும்பிப் போகவும் வழி உண்டு.

இரவுகளுக்கு

வழக்கைப் பற்றி இனி படிக்காதீர்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. 2013-இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்த ஓர் ஆய்வில், தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்திகளிலேயே மூழ்கியிருந்தவர்கள், சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிடவும் அதிக மன உளைச்சலோடு இருந்தது தெரிந்தது. பார்ப்பதும் படிப்பதும்கூட உடம்பைப் பாதிக்கும். காட்சி தானாக மனதில் வந்தால் அதை விரட்டப் போராடாதீர்கள். விரட்ட விரட்ட வரும். 'படத்தில் பார்த்தது வருகிறது' என்று சொல்லிக்கொண்டு, கண்ணுக்கும் கைக்கும் வேலை கொடுங்கள். டெட்ரிஸ் போன்ற விளையாட்டு இப்படிப்பட்ட காட்சிகள் திரும்ப வருவதைக் குறைப்பதாகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. கோலம் போடத் தெரிந்தால் நோட்டில் புள்ளி வைத்துப் போடுங்கள், அதிலும் கண்ணும் கையும் சேர்ந்தே வேலை செய்கின்றன. கைப்பேசி படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். இதையெல்லாம் செய்தும் இன்னும் மூன்று வாரத்தில் தூக்கம் சீராகவில்லை என்றால், நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416, தமிழிலும் பேசலாம்.

இந்தப் பதிலைக் கணவரிடமும் படிக்கக் கொடுங்கள். அவர் கூட உட்கார்ந்திருக்க 1098-க்கு அழைப்பது நல்லது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தனியாக அழையுங்கள். ஒரு வாரத்தில் யாரும் வரவில்லை, அல்லது வந்தும் ஒன்றும் மாறவில்லை என்றால் மறுபடி அழைத்து முதல் அழைப்பின் தேதியைச் சொல்லுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள்.